450 வாட்டாம்... யாரிடம் கதை விடுகிறீர்கள்?

போன மே மாதம், மயிலாப்பூரில் என் வகுப்புத் தோழன் வீட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கூடவே கருகல் வாசனை. புது கிராபிக்ஸ் கார்டு போட்டு பத்தே நாள். எஸ்எம்பிஎஸ் போனது, போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் துணைக்கு அழைத்துப் போனது. டிஸ்கில் இருந்தது எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்!

கடைக்காரர் சொன்ன காரணம்: “உங்க ஏரியா கரண்ட் சரியில்ல தம்பி.”

கரண்ட் மேல் பழி போடாதீர்கள் சார். செத்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். பொடி எழுத்தில், 12 வோல்ட் லைனில் 14 ஆம்பியர். பத்தாம் வகுப்புப் பாடம்தான்: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12 x 14 = 168. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் உறிஞ்சுவது இந்த லைனில்தான். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் என்று இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் கேட்காத இடங்களில் காட்டிய கணக்கு. அந்தக் கால ஸ்பீக்கர்களில் ‘பிஎம்பிஓ 1000 வாட்’ என்று போடுவார்களே, அதன் தம்பி இது.

அந்த 168-ம் எந்த வெப்பத்தில்? நல்ல கம்பெனிகள் 40, 50 டிகிரியில் தாங்கும் அளவைச் சொல்கின்றன. 25 டிகிரியில் அளந்ததை வைத்துக்கொண்டு சென்னை மே மாதத்தில் என்ன செய்வது? நல்ல எஸ்எம்பிஎஸ் அளவு மீறினால் தானே அணைந்துவிடும். மட்டமானது கூட இருப்பவர்களையும் கொன்றுவிட்டுத்தான் சாகும்.

“எனக்கு மூணு வருஷமா நல்லாத்தான் ஓடுது” என்பவர்களே, நீங்கள் அதனிடம் 100 வாட்டுக்கு மேல் கேட்டிருக்க மாட்டீர்கள். அடையாறிலிருந்து தி.நகருக்கு ஹெல்மெட் இல்லாமல் தினமும் போய்வருபவரும் இதையேதான் சொல்வார்.

கையில் தூக்கிப் பார்ப்பது ஒரு துப்பு மட்டுமே. 2004-ல் வந்த ‘80 பிளஸ்’ முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், மாடல் பெயரை அவர்கள் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

தப்பு நம் மீதும்தான். கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, கேபினெட்டோடு ஓசியில் வரும் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறோம். மாட வீதி காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட சட்டப்படி முத்திரை வேண்டும். அரைக் கிலோவை ஒரு கிலோ என்றால் சண்டைக்குப் போவோம். 168-ஐ 450 என்றால் மட்டும் “எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்கிறோம்.

அடுத்த முறை ரிச்சி தெருவில் விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்ண்ணா?” பதில் வரவில்லையா, அடுத்த கடைக்கு நடங்கள். அங்கே கடைக்கா பஞ்சம்?