கண்ணின் நிறமும் கழுத்துப் பட்டையும்

ஆசிரியரின் ஓரவஞ்சனை என்றவுடன் நம்மவர்க்குத் துரோணாசாரியாரின் நினைவு வருவது இயல்பே. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் மகாபாரதம் ஒளிபரப்பானபோது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். துரோணர் தீயவர் அல்லர். அருச்சுனனை ஒப்பற்ற வில்லாளி ஆக்குவேன் என்று கொடுத்த வாக்கே அவரை ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்கச் செய்தது. வேடர் குலத்துப் பிள்ளையும் விரலை அறுத்துக் கொடுத்தான். கேட்டவருக்கு அது குருதட்சிணை. கொடுத்தவனுக்கோ வில்வித்தையே போயிற்று.

இத்திங்கள் நான் எடுத்துக்கொண்டது வேறோர் ஆசிரியையின் கதை. அவரும் தொலைக்காட்சி வாயிலாகவே உலகறிந்தவர். ஆனால் அவர் செய்த ஓரவஞ்சனை அறியாமற் செய்ததன்று, திட்டமிட்டுச் செய்தது, அதுவும் பிள்ளைகளின் நன்மை கருதிச் செய்தது.

அமெரிக்க நாட்டில் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்றொரு சிற்றூர். அங்கு மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர் ஜேன் எலியட் அம்மையார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் வகுப்பில் அதைப்பற்றிப் பேச வேண்டியிருந்தது. அவ்வூரில் கறுப்பினத்தார் குடும்பம் ஒன்றும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிறவெறி என்றால் என்ன என்று எப்படி விளக்குவது? சொல்லிப் புரியவைக்க இயலாது என்று கண்ட அம்மையார் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நாள் ஒரு நிறத்தார் உயர்ந்தோர், மறுநாள் மற்றவர் உயர்ந்தோர் என்று விதித்தார். ஆண்டுதோறும் அப்பாடத்தை நடத்தினார். மூன்றாம் முறை நடத்தியபோது அதைப் படம் பிடித்தார்கள். 1970இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டிற்று.

அப்படத்தை இன்று கைப்பேசியிலேயே காணலாம். முதல் நாள் நீலக் கண்ணர் மேலோர். அவர்களுக்கு விளையாட்டு வேளையில் ஐந்து நிமிடம் கூடுதல். பழுப்புக் கண்ணர் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தல் ஆகாது. காகிதக் குவளையில்தான் குடிக்க வேண்டும். தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படி அவர்கள் கழுத்தில் துணிப்பட்டை ஒன்றும் கட்டப்பட்டது. தனிக் குவளை என்றதும் நம் நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை நினைவுக்கு வராதவர் உண்டோ! அந்த அம்மையார் அதைக் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ. மனிதனை மனிதன் தாழ்த்த எண்ணும்போது முதலில் கைவைப்பது தண்ணீரில்தான் போலும்.

காலையில் ஒன்றாக வந்த நண்பர்கள் நண்பகலுக்குள் பகைவர் ஆனார்கள். 'பழுப்புக் கண்ணா' என்று ஒருவன் அழைத்தான் என்பதற்காக மற்றொரு சிறுவன் அவனை அடித்தான். முந்தைய நாள் வரையில் அது கண்ணின் நிறம் மட்டுமே. அன்றைக்கு அது வசைச்சொல்.

என் மனத்தை மிகவும் உறுத்தியது அந்தச் சண்டை அன்று. எழுத்தட்டைகளைப் படிக்கும் பயிற்சி ஒன்று அவ்வகுப்பில் உண்டு. எத்தனை நிமிடத்தில் படித்து முடிக்கிறார்கள் என்று அம்மையார் கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார். பட்டை கட்டியிருந்த நாளில் பழுப்புக் கண்ணருக்கு ஐந்தரை நிமிடம் ஆயிற்று. மறுநாள் பட்டை நீங்கி மேலோர் ஆனபின் அதே பிள்ளைகள் இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். முதல்நாள் மூன்று நிமிடத்தில் முடித்த நீலக் கண்ணரோ, தாங்கள் தாழ்ந்தவரான நாளில் நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அறிவு ஓர் இரவில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேற்று ஏன் இப்படிப் படிக்கவில்லை என்று கேட்டபோது, கழுத்தில் பட்டை இருந்ததே என்ற பொருள்பட விடை சொல்லினர் குழந்தைகள்.

இதற்காக அம்மையாரை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று எண்ண வேண்டா. 1968லேயே ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றியவுடன் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வெள்ளைக் குழந்தைகளை இப்படி வதைக்கலாமா என்று சிலர் சினந்தார்கள். கறுப்புக் குழந்தைகள் நாள்தோறும் படுவதை ஒரே ஒரு நாள் பட்டதற்கு அத்தனை சினம்! சொந்த ஊரிலும் அவர் குடும்பத்தார் பல தொல்லைகளுக்கு ஆளாயினர்.

ஆயினும் கண்டித்தவர் எல்லோரையும் தள்ளிவிட இயலாது. பெற்றோரைக் கேளாமல் பிள்ளையின் மனத்தில் ஒரு நாளேனும் புண் உண்டாக்க ஆசிரியைக்கு உரிமை உண்டா என்பது நேர்மையான கேள்வி. இத்தகைய பயிற்சியால் விளையும் மனமாற்றம் அவ்வளவு பெரிதன்று என்று கண்ட ஆராய்ச்சியாளரும் உண்டு. மறுபுறம், 1970ஆம் ஆண்டு வகுப்பில் பயின்ற 16 பேரில் 11 பேர் 1984இல் ஊர் திரும்பித் தம் ஆசிரியையோடு அமர்ந்து அப்படத்தை மீண்டும் பார்த்தார்கள். அந்த இரண்டு நாள் தங்களை மாற்றியது என்று சொன்னார்கள். அக்காட்சியும் 1985இல் தொலைக்காட்சியில் வந்தது. என் கருத்தைக் கேட்டால், என் பிள்ளையின் கழுத்தில் பட்டை கட்ட நான் ஒருப்பட மாட்டேன். ஆனால் எங்கோ ஒருவர் அதைச் செய்து, கடிகாரமும் வைத்து, நமக்குக் காட்டிவிட்டார். கண்டதைக் காணாதது போல் இருக்கவும் முடியவில்லை.

அதே 1968ஆம் ஆண்டில் ராபர்ட் ரோசென்தால் என்னும் பேராசிரியரும் லெனோர் ஜேக்கப்சன் என்னும் பள்ளித் தலைமையாசிரியையும் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர்களிடம் கொடுத்து, 'இவர்கள் இவ்வாண்டு நன்கு மலர்வார்கள்' என்று சொல்லி வைத்தனர். உண்மையில் அப்பெயர்கள் குருட்டாம்போக்கில் எடுத்தவை. ஆண்டின் முடிவில் கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகளே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த முடிவைப் பற்றிப் பின்னாளில் அறிஞர்களிடையே பெரும் வாதம் நடந்தது. அதற்குள் நாம் புக வேண்டுவதில்லை. ஆசிரியர் எதிர்பார்ப்பதைப் பிள்ளை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் எவரும் அறிவர்.

நிற்க. ரைஸ்வில்லைப் பற்றி இத்துணை எழுதியது பாறசாலையைப் பற்றி எழுதவே.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு மொழி, இப்பால் ஒரு மொழி என்று கோடு போட்டார்கள். வீட்டுக்குள் அந்தக் கோடு விழவில்லை. பிழைப்புக்காக நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பின்னர் வந்து குடியேறிய நம்மைப் போன்றோரின் பிள்ளைகள் காலையில் அம்மாவிடம் தமிழும், பத்து மணிக்கு டீச்சரிடம் மலையாளமும், மாலையில் தெருவில் இரண்டும் கலந்த ஒன்றும் பேசி வளர்கின்றன. மொழிச் சிறுபான்மையோரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதலே சொல்லிக்கொண்டிருக்கிறது. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கக் கேரளம் 2017இல் சட்டம் இயற்றிற்று. மலையாளம் படிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கும் ஊரின் மொழி தெரியாதவன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறர் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். நான் சொல்ல வந்தது சட்டத்தைப் பற்றி அன்று. சட்டத்தில் எழுதப்படாத ஒன்றைப் பற்றி.

அடுத்த வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பில் படிப்பவள். தன் மலையாளக் குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கேட்டெழுதுதலில் பதினொரு பிழை. ஒன்றிலேனும் சிவப்பு மை இல்லை. அடியில் ஒரு நட்சத்திரம் மட்டும் இருந்தது.

"மாமா, எல்லாப் பிள்ளைக்கும் டீச்சர் தப்பைச் சுழிச்சுக் குடுக்காங்க. எனக்கு மட்டும் 'சாரமில்ல, தமிழ்க்குட்டி அல்லே' என்று சொல்லி நட்சத்திரம் போடுறாங்க."

அவள் மகிழ்ந்து சொல்லவில்லை. அந்த ஆசிரியை நல்லவர். இதில் எனக்கு ஐயமே இல்லை. தமிழ்ப் பிள்ளையாயிற்றே, திட்டினால் மனம் உடைந்துபோகுமே என்று இரங்கியே அவ்வாறு செய்கிறார். 'பாண்டி' என்று ஏளனம் செய்யும் பையன்களை அதட்டவும் செய்கிறாராம். ஆனால் அந்த நட்சத்திரம் கழுத்துப் பட்டையின் வேலையைச் செய்கிறது. இவளால் இவ்வளவுதான் முடியும் என்பதை அது வகுப்பு முழுமைக்கும் அறிவிக்கிறது. ஏளனம் செய்பவனோடு சண்டையிடலாம். அன்பாக நட்சத்திரம் இடுபவரோடு ஒரு பத்து வயதுப் பெண் எப்படிச் சண்டையிடுவாள்?

அவள் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் குறை சொல்லாதே. எம் பிள்ளைக்கும் சிவப்பு மை போடுங்க என்று மட்டும் கேள்." அவளும் சென்று கேட்டாள். டீச்சர் முதலில் திகைத்தாராம், பிறகு சிரித்தாராம். இப்போது குறிப்பேடு சிவந்து கிடக்கிறது. இரண்டு நாள் அழுகை; மூன்றாம் வாரத்தில் பிழை பதினொன்றிலிருந்து ஆறாயிற்று.

மலையாள ஆசிரியையின் இரக்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்னவன் நம்மவர் பாசத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஓரவஞ்சனையே ஆகும். எல்லைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டா) தமிழர் ஒருவர் கணக்கு ஆசிரியராக இருந்தார். நம் பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். முன் வரிசையில் அமர்த்துவார். மாலையில் தனியே சொல்லிக் கொடுப்பார். அரை மதிப்பெண்ணை முழு மதிப்பெண் ஆக்குவார். வேற்று மாநிலத்தில் நம் குழந்தைகளுக்கு வேறு யார் துணை என்பது அவர் எண்ணம். பெற்றோராகிய நாமும் அவருக்கு வாழைத்தாரும் பனங்கருப்பட்டியும் கொடுத்துப் போற்றினோம். விளைவு என்ன? மலையாளப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மதிய உணவுக்குச் சேர்ந்து உட்காருவது நின்றது. நம் பையன் ஒருவன் உண்மையாகவே உழைத்து நூறு வாங்கியபோது, 'அது ஸார் தந்ததல்லே' என்று வகுப்பே சொன்னது. அவன் வாங்கிய நூறு அவனுக்கே உரிமையில்லாததாயிற்று. அருச்சுனனுக்கும் இத்துன்பம் இருந்திருக்க வேண்டும். அதைப் பாடியவர் யாரும் இல்லை.

இவ்விடத்தில் நம் சங்கத்தின் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சங்கம் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்பில் மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரும் படிக்கிறார்கள். களியக்காவிளைச் சந்தையில் கடை வைத்திருப்போரின் பிள்ளைகள் அவர்கள். அம்மூவரில் ஒரு பெண்ணின் தமிழ்க் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வரும் ஆண்டு விழாக் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு அவளுக்கே போய்விடுமோ என்ற அச்சம் சிலருக்கு எழுந்திருக்கிறது. சென்ற செயற்குழுவில் ஒரு பெரியவர், பரிசு தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று விதி செய்ய வேண்டும் என்றார். அவர் இச்சங்கத்துக்காக முப்பது ஆண்டு உழைத்தவர். தமிழ் அழிந்துவிடக் கூடாதே என்னும் கவலையால் பேசினார். வேறொருவர், விதி வேண்டா, திருத்துகிறவர் சற்றே பார்த்துப் போட்டால் போதும் என்றார். இந்த 'சற்றே பார்த்து' என்பது விதியைக் காட்டிலும் கொடியது. விதியை எழுதினால் எவரும் படித்து எதிர்க்கலாம். 'சற்றே பார்த்து' என்பதை எதிர்ப்பது எவ்வாறு?

அச்சிறுமியைத் தள்ளிவிட்டு நம் பிள்ளை ஒருவனுக்குக் கோப்பையைக் கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். அவள் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். தமிழ் எழுத விரும்பி வந்த ஒரு பிள்ளையை நாமே துரத்திவிட்டுத் தமிழைக் காத்தோம் என்று யாரிடம் சொல்வது? கோப்பை வாங்கிய நம் பையனோ, முத்துப்போன்ற எழுத்து தன்னுடையதன்று என்பதை நம் எல்லோரினும் நன்றாக அறிவான்.

மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் (இடையில் தேநீர் இரண்டு முறை வந்தது) ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. இரயில்வேப் பணித் தேர்வு எழுதியவர்கள் அறிந்த முறைதான் அது. கட்டுரைத் தாளில் பெயர் இராது. எண் மட்டும் இருக்கும். கையெழுத்தைக் கண்டே திருத்துபவர் ஆளை அறிந்துகொள்வாரே என்று பெரியவர் விடவில்லை. அவர் சொன்னதும் நியாயமே. ஆகவே நாகர்கோவிலிலிருந்து, நம் பிள்ளைகளை ஒருமுறையும் பார்த்திராத தமிழாசிரியர் ஒருவரை அழைப்பது என்று தீர்மானித்தோம். அவருக்குப் பயணச் செலவு மட்டும் சங்கம் கொடுக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் உறையில் இடப்பட்டு அரக்கு முத்திரையோடு பொருளாளரின் பெட்டியில் இருக்கும். விழா மேடையில் எல்லோர் முன்னிலையிலும் அப்பெரியவரே உறையைப் பிரிப்பார். போட்டியில் கலந்துகொள்ளும் பிள்ளைகளின் பெயரை இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடுக. தாளும் மையும் சங்கமே தரும்.