பந்தைப் பிடுங்காதீர்கள்... தட்டைப் பாருங்கள்!

போன வருடம் ஆடி மாதம். ஒரு திங்கட்கிழமை காலை. வளவனூரில் என் வைத்தியசாலையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றி வைத்த நேரம், வாசலில் மூன்று பேர். ஓர் அம்மா, ஓர் ஆயா, நடுவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். அந்தப் பெண்ணின் கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன.

"இனிமே இவ பந்தாட்டத்துக்குப் போகக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறா. வைத்தியர் சொன்னா கேப்பா" என்றார் அம்மா.

விஷயம் இதுதான். பெண் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில் பெஞ்சிலிருந்து எழுந்தவள், கண் இருட்டிக்கொண்டு வந்து கீழே விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். ஆனால் சேதி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் 'பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள்' என்று ஆகிவிட்டது.

"வயசுக்கு வந்த பொண்ணு இப்படி எகிறி எகிறிக் குதிச்சா கருப்பை இன்னாத்துக்கு ஆவும்? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குதில்ல?" - இது ஆயா.

நான் அந்தப் பெண்ணிடம் மட்டும் நாலு கேள்வி கேட்டேன்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினே?" "ஆறு மணிக்கு."

"என்ன சாப்பிட்டே?" "டீ. ரெண்டு பிஸ்கட்."

"தண்ணி?" "குடிக்கல ஐயா. குடிச்சா பாத்ரூம் போகணும். அங்க பாத்ரூம் நல்லா இல்ல."

கடைசிக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. சித்த மருத்துவத்தில் பாண்டு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது சொல்லுங்கள்... அவளைக் கீழே தள்ளியது பந்தா?

குற்றவாளி யார்?

ஹீமோகுளோபின் என்பது உடம்புக்குப் பிராணவாயு சுமக்கும் வண்டி. அந்த வண்டியில் பாதிதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பாடம் படிக்கும்போது தெரியாது. 28 மீட்டர் நீள ஆடுகளத்தில் இங்கும் அங்கும் ஓடி, 10 அடி உயரக் கூடையை நோக்கி எம்பும்போது தெரிந்துவிடும். ஆட்டம் அந்தப் பெண்ணுக்கு நோயைக் கொடுக்கவில்லை. இருந்த நோயைக் காட்டிக் கொடுத்தது. அவள் ஆடியிருக்காவிட்டால், பத்து வருடம் கழித்துப் பிரசவ அறையில்தான் தெரிந்திருக்கும்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. உங்கள் தெருவில் கோலம் போடும் பெண்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவர்!

நானும் செய்த தவறு

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில், இதேபோல் ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். கைப்பந்து ஆடுகிற பெண். "களைப்பாக இருக்கிறது என்கிறாள், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் அவள் அப்பா. நானும் பெரிய மனுஷன் மாதிரி, "உடம்பு சூடு, கொஞ்ச நாள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் என்பது நிரந்தரமாகிவிட்டது. நாலு வருடம் கழித்து அதே பெண் கல்யாணமாகி, ஏழு மாதக் கர்ப்பிணியாக, முகம் வெளுத்து, கால் வீங்கி வந்தாள். ஆட்டத்தை நிறுத்தினேன், நோயை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி யார் வந்தாலும், முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

கருப்பை இறங்குமா?

இறங்காது. நல்ல உடல்நிலையில் உள்ள பெண் ஓடுவதாலோ குதிப்பதாலோ கருப்பை இறங்குவதில்லை, குழந்தைப் பேறும் கெடுவதில்லை. மாதவிலக்கு நாளில் ஆடலாமா? உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஆடலாம். வலி அதிகமாக இருந்தால் ஓய்வு எடுக்கலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது.

இந்தப் பயம் நம் ஊர் ஆயாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தார். பெண்கள் அதிகம் ஓடினால் தாங்கமாட்டார்கள் என்று அங்கேயும் ஒரே பேச்சு. அதற்காக ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது என்று விதி செய்தார்கள். அயோவா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கான மாநிலப் போட்டி 1920-லிருந்து நடக்கிறது. அங்கே அரை ஆடுகளத்தோடு நின்றுகொள்ளும் ஆறு பேர் ஆட்டம் 1993 வரைகூட இருந்தது! ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து வந்ததே 1976-ல்தான். கோட்டைத் தாண்டினால் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று புரிய, படித்த தேசத்துக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைப் பாருங்கள். 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானவர். கல்யாணமாகி, குழந்தை பெற்று, மறுபடி ஆடுகளத்துக்கு வந்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இதற்கு மேல் ஆயாவுக்கு என்ன பதில் வேண்டும்?

ஜெயித்தால் வரும் கஷ்டம்

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே ஏறும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். இது தவிர முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் இருக்கின்றன. வழி இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் ஒரு விசித்திரம் பாருங்கள். பையன் ஜெயித்தால் சர்க்கரை கொடுக்கிறோம். பெண் ஜெயித்தால், "அடுத்த ஆட்டம் வெளியூரா? ராத்திரி தங்கணுமா?" என்று முகம் சுருங்குகிறது. தோற்றுப் போனால் நிம்மதி! ஜெயித்ததற்காகவே நிறுத்தப்பட்ட பெண்களை நான் அறிவேன்.

பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுவது தாய் தகப்பனின் கடமை, அதில் தவறில்லை. கூட ஆசிரியை வருகிறாரா, எங்கே தங்குகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களே ஒருநாள் கூடப் போங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புவது வேறு, கேட்காமலே நிறுத்துவது வேறு.

தட்டில் என்ன இருக்கிறது?

ஆடும் பெண்ணுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. நம் பக்கத்துச் சாப்பாடே போதும். அளவுதான் போதாமல் இருக்கிறது. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் போட்டது போக மீதி, என்ற வழக்கத்தை முதலில் விடுங்கள்.

* காலையில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ மோர் விட்டு ஒரு சொம்பு. அல்லது இட்லி நாலு, கெட்டியான சாம்பாருடன்.
* முருங்கைக்கீரை, காராமணி, கொள்ளு வாரத்தில் மூன்று நாளாவது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால்தான் கீரையில், பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.
* சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
* அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஆட்டு ஈரல், சுவரொட்டி கொடுக்கலாம். முட்டை தினமும் ஒன்று.
* பைக்குள் மல்லாட்டை உருண்டை அல்லது எள்ளுருண்டை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே கடிக்க, பாக்கெட் நொறுக்குத் தீனியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

"சித்த வைத்தியர் இங்கிலீஷ் மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறாரே" என்று நினைக்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரையையும்தான். வயிற்றில் பூச்சியை வைத்துக்கொண்டு நெய்யும் பாலும் ஊற்றி என்ன பயன்? கரிசாலை லேகியம், அயச்செந்தூரம் போன்றவை எங்களிடம் உண்டு. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிக் கொடுக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியர் அளவு சொன்ன பிறகுதான்.

போட்டி நாளில்

கிளம்புவதற்கு முன் கட்டாயம் சாப்பாடு. ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு முடித்துவிடட்டும். உப்பு போட்ட மோர் அல்லது நீராகாரம் ஒரு பாட்டில், தண்ணீர் இரண்டு பாட்டில். ஆடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் உடலைத் தயார்செய்யும் பயிற்சி. எம்பிக் குதித்து இறங்கும்போது முழங்காலை மடித்து இறங்கப் பழக வேண்டும். குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பயிற்சியால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

கணுக்கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். நானே எண்ணெய் கொடுக்கிறவன்தான், நானே சொல்கிறேன். முதல் இரண்டு நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைத்தல், அவ்வளவுதான். கால் ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே.

இன்னும் மூன்று எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, உடனே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண மயக்கம் என்று விடக்கூடாது. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றும்படி இருந்தாலோ, சிகிச்சை தேவை. கடும் பயிற்சி செய்கிற பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிலக்கே வராவிட்டால், சாப்பாடு போதவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். அதையும் காட்டுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோப்பைக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவில், பெண்களுக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை ஒன்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். தாகத்தை அடக்கிக்கொண்டு ஆடும் பிள்ளையிடம் திறமையை எப்படிப் பார்ப்பீர்கள்?

இந்த வருடம்...

அந்தப் பெண்ணை ஆட்டத்திலிருந்து மூன்று மாதம் மட்டும் ஒதுக்கி வைத்தேன். மருந்து, கீரை, பள்ளி மாத்திரை. மூன்றாம் மாதம் 11.4; பிறகு 12-ஐத் தாண்டியது. பத்தாம் வகுப்பு வந்ததும் அவள் அப்பா, "பரீட்சை வருஷமாச்சே ஐயா" என்று தயங்கினார். "ஒருமணி நேரம் ஆடிவிட்டு வரும் பிள்ளை டி.வி. முன்னால் உட்காராது, பாருங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

இந்த வருடக் குறுவட்டப் போட்டியில் இறுதி ஆட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றுவிட்டார்கள். நாலு பகுதியும் முழுக்க ஆடினாளாம். மறுநாள் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட ஆயாவோடு வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் ஆயா முந்திக்கொண்டார்:

"நல்லாத்தான் ஆடுச்சுங்க ஐயா. அந்த எட்டாம் நம்பர் பொண்ணு கையிலயே அடிக்குது, விசில் வெச்சிருக்கறவரு கண்டுக்கவே இல்ல!"

ஆயா ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார்! எனக்கு அந்த ஒரு சேதி போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பந்தைத் தேடுகிறாளா? பிடுங்காதீர்கள். ரத்தத்தைப் பரிசோதியுங்கள். தட்டை நிறையுங்கள். அடுத்த போட்டிக்கு நீங்களும் ஒருநாள் போய் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வாருங்கள்.