நாற்காலிகள் காலியாக இருப்பது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி.

தையற்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வாடகைக்கு எடுத்துப் போட்ட நாற்காலிகள் ஐம்பது. வந்து உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் நிர்வாகிகள்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். செயலாளர் வாசலைப் பார்க்கிறார். டீ கொண்டு வந்த பையன் ஆறிப்போகும் தூக்குவாளியைப் பார்க்கிறான்.

பதினொரு மணிக்குத் தலைவர் பேச எழுந்திருக்கிறார். "நம்ம ஆட்களுக்கு ஒற்றுமை கிடையாது" என்று தொடங்குகிறார்.

யாரைத் திட்டுகிறார்? வராதவர்களை. திட்டு வாங்குகிறவர்கள் யார்? வந்தவர்கள்!

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இது புதிய காட்சி அல்ல. தையற்காரர் சங்கம் ஆனாலும், முடிதிருத்துவோர் சங்கம் ஆனாலும், போட்டோக்காரர் சங்கம் ஆனாலும் பல இடங்களில் இதே கதைதான். "உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை" என்கிறார்கள் நிர்வாகிகள். "சங்கத்தால் என்ன பயன்?" என்கிறார்கள் உறுப்பினர்கள்.

இந்த இரண்டில், உறுப்பினர்களின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சந்தா மட்டும் போதுமா?

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரு தையற்கடை. ஒரு மிஷின், ஒரு மேஜை, ஒரு கத்தரி. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் அங்கே தைத்துக்கொண்டு இருக்கிறார். ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார்.

சங்கத்து இளைஞர் ரசீதுப் புத்தகத்துடன் வருகிறார்.

"அண்ணே, சந்தா."

"போன வருஷமும் சந்தாவுக்குத்தான் வந்தே. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் உன்னைப் பார்க்கிறேன், தம்பி!"

இளைஞர் சிரிக்கிறார். பணத்தை வாங்குகிறார். ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறார். போய்விடுகிறார்.

அந்தப் பெரியவரின் வீட்டுப் பெட்டியில் ஓர் அட்டை கிடக்கிறது. தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை. அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவருக்கு அறுபது நிறையும். அப்போது ஓய்வூதியம் கேட்கப் போவார். அன்றைக்குத்தான் சிக்கல் தெரியும்.

சந்தா வாங்க வந்த இளைஞர், "அட்டையைக் காட்டுங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரு குடும்பத்தின் கடைசிக் காலக் கஞ்சிக்கு வழி பிறந்திருக்கும்.

கைத்தொழில் செய்து பிழைப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் பல நல வாரியங்கள் ஏற்பட்டன. கட்டிடத் தொழிலாளருக்கு 1994-ல் வாரியம் வந்தது. தையல் தொழிலாளருக்கும் தனி வாரியம் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு.

இத்தனையும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட வேண்டும். இப்போது அது கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. நாற்பது ஆண்டுகள் கத்தரி பிடித்த கைக்குக் கம்ப்யூட்டர் புதிது.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது!

மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், விஷயம் தெரிந்த ஓர் இளைஞரைச் சங்கத்தில் உட்கார வைத்தால் போதும். யாருடைய அட்டை எப்போது முடிகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் தேட வேண்டியது இல்லை.

பெரம்பூர் காட்டிய வழி

சங்கத்தை வளர்ப்பது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். சென்னைப் பெரம்பூரே போதும்.

அங்கே பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்ற பெரிய ஆலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் இருவர். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. இருவரும் அந்தப் பகுதி வியாபாரிகள். அவர்கள் நடத்திய பஜனை சபைக்குத் தொழிலாளர்கள் வருவது வழக்கம். அங்கே பேச்சோடு பேச்சாகத் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். பிறகு இருவரும் பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர் ஆனார். தமிழ்த்தென்றல் திரு.வி.க. துணைத் தலைவர் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தச் சங்கம் பெயர்ப் பலகையில் தொடங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியது! அன்றாடம் உறுத்திய ஒரு சின்னக் குறை. அதைக் கேட்க இரண்டு காதுகள். ஆட்கள் வழக்கமாகக் கூடுகிற ஓர் இடம். இந்த மூன்றும் சேர்ந்தன. சங்கம் வளர்ந்தது.

இன்றைய தையற்காரருக்கு உறுத்துவது எது? ஆயத்த ஆடை வந்து வேலையைக் குறைத்தது. நூலும் லைனிங் துணியும் சில்லறை விலைக்கு வாங்கிக் கட்டுபடி ஆகவில்லை. தெருவுக்குத் தெரு கூலி மாறுகிறது. இதையெல்லாம் கேட்கிற காது சங்கத்துக்கு இருக்கிறதா?

நூல் கண்டைப் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். ஆரி வேலை தெரிந்தவர் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம். கடையில் வாங்கிய சட்டையை அளவு பார்த்துச் சரிசெய்து கொடுக்க ஒரே கூலி பேசி வைக்கலாம். இவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. ஆனால், "சங்கத்தால் எனக்கு இது கிடைத்தது" என்று வீட்டில் போய்ச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும்.

ஆளுக்கு ஒரு வேலை

பல சங்கங்களில் ஐந்து பேர் எல்லா வேலையையும் செய்கிறார்கள். மீதி நாற்பத்தைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவன் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவான். அது மனித சுபாவம்.

தேர்த் திருவிழாவைப் பாருங்கள். வடம் பிடித்தவன் தேர் நிலைக்கு வரும் வரை போக மாட்டான். பார்க்க வந்தவன் வெயில் ஏறியதும் நிழலுக்குப் போவான். ஆகவே, எல்லார் கையிலும் வடத்தைக் கொடுக்க வேண்டும்.

நான்கு தெருவுக்கு ஒருவர் பொறுப்பு. நோட்டு எழுத ஒருவர். புதிதாகக் கடை போட்டவரைப் போய்ப் பார்க்க ஒருவர். உடம்பு சரியில்லாதவரை விசாரிக்க ஒருவர். வேலை சிறியதாக இருக்கட்டும். ஆனால் அது அவருடைய வேலையாக இருக்க வேண்டும்.

கூட்டம் போடும் நாளையும் யோசிக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் தையற்காரருக்குத் தூங்கவே நேரம் இருக்காது. அப்போது கூட்டம் போட்டால் யார் வருவார்? ஆடி மாதத்தில் கல்யாணம் குறைவு. மிஷின் சற்று ஓய்ந்து இருக்கும். அதுதான் நல்ல சமயம்.

இன்னொன்று கணக்கு. 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கம், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் செய்தால் போதாது. கடைசி ரூபாய் வரை உரக்கப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். கணக்குத் தெரிந்தால் சந்தேகம் போகும். சந்தேகம் போனால் சந்தா தானே வரும்.

வீட்டுக்குள் இருக்கும் உறுப்பினர்கள்

"புது ஆள் சேரவில்லை" என்பது இன்னொரு குறை. புது ஆள் இல்லாமல் இல்லை. தேடுகிற இடம்தான் தவறு.

இன்று ஜாக்கெட்டும் சுடிதாரும் எங்கே தைக்கப்படுகின்றன? எத்தனையோ வீடுகளின் முன்னறையில்! சமையலை முடித்துவிட்டு மிஷினில் உட்காரும் பெண்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அதனால் சங்கத்தின் கண்ணில் படுவது இல்லை.

பெண்களுக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. தையற்காரர் சங்கம் அவர்களை அழைக்கட்டும். உறுப்பினராக மட்டும் அல்ல, நிர்வாகியாகவும் ஆக்கட்டும். கூட்டத்தை இரவில் வைக்காமல் பிற்பகலில் வைக்கட்டும். உறுப்பினர் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பது அப்போது தெரியும்.

உறுப்பினருக்கும் ஒரு வார்த்தை

எல்லாப் பழியையும் நிர்வாகிகள் தலையில் போடுவது நியாயம் அல்ல. தங்கள் கடையை மூடிவிட்டு ஊர் வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

ஆபத்து வந்த பிறகு சங்கத்தைத் தேடி ஓடுவதும், மற்ற நாட்களில் "நேரம் இல்லை" என்பதும் முறையா? மழை பெய்யும்போது குடை தைக்க முடியுமா?

வீட்டில் இருப்பவர்களும் இதைச் சொல்லலாம். "இன்னிக்குச் சங்கக் கூட்டம் ஆச்சே, போயிட்டு வாங்க" என்று மனைவி சொன்னால் கணவர் போவார். கணவர் சொன்னால் மனைவியும் போவார். அப்படியே அந்த அட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்க்கட்டும்.

தனி மரம் தோப்பு ஆகாது. ஒரு நூல் இழுத்தால் அறுந்துவிடும். அதே நூல் தையலாக விழுந்தால் துணியே கிழிந்தாலும் தையல் நிற்கும். தையற்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வராதவர்களைத் திட்ட வேண்டாம். கூட்டத்துக்கு முந்திய வாரமே மாடிப்படிக்கு அடியில் உள்ள அந்தக் கடைக்கு ஒரு நடை போகட்டும். ரசீதுப் புத்தகம் இல்லாமல் போகட்டும்!

காலி நாற்காலிகளில் ஒன்று அன்றே நிரம்பிவிடும்.