திற்பரப்பு வீடுகளில் மின் அடுப்பு: ஸ்டவ் புதுசு... வயரிங் பழசு! இல்லத்தரசிகளே உஷார்

திற்பரப்பு:

கோதையாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தால் திற்பரப்பு அருவியில் குளிக்க உடனே தடை போட்டு விடுகிறார்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வருகிறது. ஆனால் வீட்டு அடுக்களைக்குள் ஓடுகிற 230 வோல்ட் கரண்டுக்கு தடை போட யாரும் வரமாட்டார்கள். அதை நாமதான் பார்த்துக்கணும்.

திற்பரப்பு, குலசேகரம், அருமனை பக்கம் இப்போது விறகு அடுப்புக்கும் கேஸ் அடுப்புக்கும் பக்கத்தில் ஒரு இன்டக்ஷன் ஸ்டவ்வோ, சிவக்கச் சிவக்க எரியும் காயில் அடுப்போ இருப்பது சாதாரணம். காலையில் பால் வெட்டப் போகிற அவசரத்தில் ஒரு கட்டன் சாயா போட இதைவிட சுலபமான வழி கிடையாது. தப்பில்லை. ஆனால் அந்த அடுப்பு சொருகியிருக்கும் பிளக், அதற்குப் பின்னால் சுவருக்குள் போகும் வயர், அதற்கு எர்த் உண்டா இல்லையா என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

எப்படி வந்தது?

2012 செப்டம்பரில் மத்திய அரசு மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 தான் என்று வெட்டியது. கூப்பாடு கிளம்பியதும் 2013 ஜனவரியில் 9, 2014ல் 12 என்று ஏற்றினார்கள். அந்த பயத்தில்தான் தமிழ்நாட்டிலும் பக்கத்து கேரளாவிலும் ஜனங்கள் இன்டக்ஷன் ஸ்டவ் வாங்கக் கடைகளுக்கு ஓடினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 2012ல்தான் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஸ்டவ் இருந்தது, கரண்ட் இல்லை!

பிறகு 2016 மே மாதம் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற உத்தரவு வந்தது. 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் விலை 1,118 ரூபாயைத் தொட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய மந்திரி நிதின் கட்கரியே கேசுக்கு கொடுக்கும் மானியத்தை மின் அடுப்புக்கு கொடுக்கலாமே என்று பேசினார். 2023 நவம்பரில் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் நாடு முழுவதும் 20 லட்சம் இன்டக்ஷன் ஸ்டவ் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது.

ஆக, அடுப்பு வாங்கு, வாங்கு என்று எல்லாரும் சொல்லியாச்சு. வயரிங்கை மாற்று என்று சொன்னவர் யாரும் இல்லை.

சுவருக்குள் ஆபத்து

நம்ம ஊர் பழைய ஓட்டு வீடுகளில் வயரிங் செய்த காலத்தில் 2 பல்பு, ஒரு பேன், ஒரு ரேடியோ. அவ்வளவுதான் கணக்கு. 2006ல் அரசு இலவச கலர் டி.வி. திட்டம் கொண்டு வந்தது. 2011ல் மிக்சி, கிரைண்டர், பேன் வந்தது. பிரிட்ஜ் சேர்ந்தது. இப்போது அதே வயரில் மின் அடுப்பும் ஏறி உட்கார்ந்து விட்டது.

ஒரு சின்ன கணக்கு. இன்டக்ஷன் ஸ்டவ் 2,000 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வீட்டில் மொபைல் சார்ஜர் சொருகும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அடுப்புக்கு வேண்டியது 16 ஆம்பியர் பெரிய பாயின்ட். பெரிய பிளக் சின்ன ஓட்டைக்குள் போகாதபடி வைத்திருப்பதே ஒரு பாதுகாப்புதான். நாம என்ன செய்கிறோம்? கடையில் கன்வர்ட்டர் பிளக் வாங்கி அதில் சொருகி விடுகிறோம். அல்லது டி.வி. ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்சில் இருந்து ஒரு இழுப்பு இழுத்து அடுக்களைக்கு கொண்டு போகிறோம்.

லைட் சர்க்யூட்டுக்கு மொத்தமே 800 வாட்ஸ் என்பது எலக்ட்ரீஷியன்களின் பழைய கணக்கு. அதில் 2,000 வாட்ஸ் இழுத்தால் அன்றைக்கே வெடித்து விடாது. அதுதான் ஏமாற்று வேலை. வயர் சூடாகும், ஆறும். மறுபடி சூடாகும், ஆறும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மெல்ல மெல்ல மொறுமொறுவென்று ஆகிவிடும். என்றைக்கோ ஒரு நாள் ராத்திரி புகை வரும்.

இதற்கு முன்னால் ஒரு அறிகுறி வரும். ஸ்டவ்வை 10 நிமிடம் ஓட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கை கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், அல்லது பிளக் பாயின்ட் பழுப்பு நிறமாக மாறியிருந்தால், அந்த பாயின்ட்டில் இனி அடுப்பு வேண்டாம். எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு மெயினில் இருந்து தனியாக 2.5 அல்லது 4 சதுர மில்லி மீட்டர் காப்பர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனி எம்.சி.பி.யும் வைக்கணும். பியூஸ் அடிக்கடி போகுதே என்று தடிமனான கம்பியைக் கட்டி வைப்பவர்களும் உண்டு. போய்க் காப்பாற்ற வேண்டிய பியூசை போகவிடாமல் செய்துவிட்டால் அடுத்து எரிவது வீடுதான்.

மூணாவது பின்

பிளக்கில் மேலே தடியாக, நீளமாக ஒரு பின் இருக்கிறதே, அதுதான் எர்த். அது நீளமாக இருப்பது சும்மா இல்லை. சொருகும்போது கரண்ட் வருவதற்கு முன்பே எர்த் சேர்ந்துவிட வேண்டும், கழற்றும்போது கடைசியாகத்தான் எர்த் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்மில் சிலர் அதை உடைத்தே போட்டுவிட்டு 2 பின்னோடு ஓட்டுகிறோம்.

எர்த் இல்லாத வீட்டில் அடுப்பின் தகட்டில் கரண்ட் கசிந்தால் அது போக வழி தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற நம்ம உடம்புதான் அதற்கு வழி. நம்ம ஊரில் தரை எப்போது ஈரம் இல்லாமல் இருக்கிறது? ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. முற்றத்தில் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்து அடுப்பில் கை வைக்கிறதுதான் தினசரி நடப்பு.

எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகிடாதா என்று கேட்கலாம். ஆகாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆயிரம் மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனுஷன் உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.டி. என்ற கருவி வேண்டும். ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கடையில் கொடுப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கணும். கரண்ட் போன அளவும் திரும்பி வந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் இது மெயினை வெட்டிவிடும். அதில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கணும். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் புதிய மின் இணைப்புக்கு இந்த ஆர்.சி.டி. கட்டாயம் என்று விதி இருக்கிறது. நல்லது. ஆனால் 20, 30 வருஷத்துக்கு முன்பு இணைப்பு வாங்கிய பழைய வீடுகளில்தான் ஆபத்து அதிகம். அங்கே போய் யார் பார்ப்பது?

எந்த அடுப்பில் என்ன?

காயில் அடுப்பு விலை மலிவு, மண்சட்டி உட்பட எந்த பாத்திரமும் வைக்கலாம். ஆனால் ஆபத்தும் இதில்தான் அதிகம். சிவக்கிற அந்த கம்பிதான் கரண்ட். கஞ்சி பொங்கி கம்பியில் வழிந்தால் பாத்திரம் முழுக்க கரண்ட் ஏறலாம். அப்போது இரும்புக் கரண்டியை விட்டுக் கிண்டினால் நேராக கைக்கு வரும். கம்பி அறுந்தால் முறுக்கிவிட்டு ஓட்டுகிற பழக்கத்தையும் விடணும். முறுக்கின இடத்தில் சூடு அதிகம், மறுபடி அங்கேதான் அறும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயரிங்கில் பேஸ், நியூட்ரல் மாறியிருந்தால் ஸ்விட்சை அணைத்த பிறகும் கம்பியில் கரண்ட் இருக்கும். அதனால் பாத்திரத்தை எடுக்கும் முன் பிளக்கையே கழற்றி விடுவது நல்லது. மின் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது 2003ம் ஆண்டு உத்தரவு. சந்தையில் மலிவாகக் கிடைக்குது என்று முத்திரை இல்லாததை வாங்காதீங்க.

இன்டக்ஷன் ஸ்டவ்வில் கம்பி கண்ணாடிக்கு அடியில் மறைந்திருக்கிறது. சூடாவது பாத்திரத்தின் அடிப்பகுதிதான். காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டுமே வேலை செய்யும், அலுமினியம் ஆகாது. கேசைவிட, காயிலைவிட இது பாதுகாப்பு என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டால் அப்புறம் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது. தண்ணீர் உள்ளே இறங்கும். அடியில் காற்று இழுக்கும் பேனும் இருக்கிறது. பேப்பரோ பிளாஸ்டிக் சீட்டோ விரித்து அதன்மேல் வைத்தால் அது அடைத்துக்கொள்ளும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் நிற்கணும்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுவோம். நம்ம சம்பா அரிசி லேசில் வேகாது. 2,000 வாட்சில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 2 யூனிட். 60 நாளைக்கு 120 யூனிட். இலவசம் என்று சொன்ன 100 யூனிட்டை கஞ்சி மட்டுமே சாப்பிட்டுவிடும்! அரிசியை முன்கூட்டியே ஊறப்போட்டு குக்கரில் வைத்து, கொதி வந்ததும் வாட்ஸைக் குறைத்தால் பில்லும் குறையும், வயருக்கும் பாரம் குறையும்.

கரண்ட் போனால்தான் கவனம்

மழைக்காலத்தில் ரப்பர் மரம் சாய்ந்து லைன் அறுவது நமக்குப் புதுசல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின் கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கோதையாறு நீர்மின் நிலையங்களின் திறன் 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும். அதன் அடிவாரத்தில் இருந்துகொண்டே மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய நாட்கள் அவை.

இங்கே கவனிக்க வேண்டியது, கரண்ட் போகும் நேரம் அல்ல, திரும்பி வரும் நேரம். காயில் அடுப்பில் சமைக்கும்போது கரண்ட் போகிறது. கேசில் மாற்றி வைத்து முடித்துவிட்டு தோட்டத்துக்கு கிளம்பி விடுகிறோம். காயிலின் ஸ்விட்ச் போட்டபடியே இருக்கிறது. 2 மணி நேரம் கழித்து கரண்ட் வருகிறது. பூட்டின வீட்டுக்குள் அடுப்பு சிவக்க ஆரம்பிக்கிறது. மேலே ஒரு துணியோ பிளாஸ்டிக் கூடையோ இருந்தால் போதும். பொதுவாக இன்டக்ஷன் ஸ்டவ்வை மறுபடி பட்டனை அமுக்கினால்தான் ஓடும். காயிலுக்கு அந்த புத்தி கிடையாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே என்.எப்.பி.ஏ. என்ற தீ தடுப்பு சங்கம் கணக்கெடுத்ததில், கேஸ் அடுப்பு உள்ள வீடுகளைவிட மின் அடுப்பு உள்ள வீடுகளில்தான் சமையல் தீ அதிகம் என்று தெரியவந்தது. பெரும்பாலும் அடுப்பை வைத்துவிட்டு ஆள் நகர்ந்ததுதான் காரணம். தீ நாக்கு கண்ணில் படாததால் அடுப்பு எரிவது நினைவில் நிற்பதில்லை.

மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால் இன்னொரு ஆபத்து. சில வீடுகளுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம். பல்பு திடீரென்று கண் கூசுகிற மாதிரி எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணைக்கணும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே கழற்றி வைக்கணும்.

ஷாக் அடித்தால்...

ஒருவரைக் கரண்ட் பிடித்தால் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுக்காதீங்க. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் சாவது இப்படித்தான். முதலில் மெயின். மெயின் எட்டவில்லை என்றால் காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடணும். மூச்சு இல்லை என்றால் 108 வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக அமுக்கிக்கொண்டே இருக்கணும். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போய் இதயத் துடிப்பை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சூடு பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், வேறெதுவும் தடவ வேண்டாம். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடணும்.

காசு யாருடையது?

2,000, 3,000 ரூபாய்க்கு ஸ்டவ் வாங்குகிற குடும்பம், தனி வயரிங், எர்த், ஆர்.சி.டி. என்று அதைவிட அதிகமாக செலவழிக்குமா என்பதுதான் கேள்வி. வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்கணும். தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவர் யாரிடம் கேட்பார்? முழு வயரிங்கும் மாற்ற முடியாவிட்டால், முதலில் எர்த்தும் ஆர்.சி.டி.யும் மட்டுமாவது போடுங்க. அதுவரை காயிலை ஓரங்கட்டிவிட்டு, இன்டக்ஷனை குறைந்த வாட்சில், கிரைண்டரும் அயர்ன் பாக்சும் ஓடாத நேரத்தில் பயன்படுத்தலாம்.

2 மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க மின் வாரிய ஊழியர் எல்லா வீட்டுக்கும் வரத்தான் செய்கிறார். யூனிட்டைக் குறித்துக்கொண்டு போகிறார். கூடவே எர்த் கம்பி இருக்கிறதா, ஆர்.சி.டி. இருக்கிறதா என்று அட்டையில் ஒரு டிக் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இல்லாத வீடுகளின் பட்டியலாவது கிடைக்கும். ஏழை வீடுகளுக்கு டி.வி.யும் மிக்சியும் கொடுக்க முடிந்த அரசாங்கத்துக்கு ஒரு ஆர்.சி.டி. கொடுக்க முடியாதா என்று மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சர்வீஸ் வயர் தொங்கினாலோ, கம்பத்தில் பொறி பறந்தாலோ, வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ மின்னகம் எண் 94987 94987ல் 24 மணி நேரமும் புகார் செய்யலாம். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் வயரிங்குக்கு வாரியம் வராது, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடணும். அவர் வரும்போது எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்க. கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் சரியாக வேலை செய்யாது, அதில் 2 குடம் தண்ணீர் ஊற்றணும்.