ஓட்டு இல்லாத வீட்டுல அடுப்பு எரியுதான்னு யார் கேட்பாங்க?

தோழர்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கி முழுசா படிங்க. இது தேர்தல் கணக்கு இல்ல, சோத்துக் கணக்கு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்த ஈழத்து உறவுகள் இன்னமும் தமிழ்நாட்டு முகாம்கள்ல வாழ்றாங்க. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு: 29 மாவட்டங்கள்ல 108 முகாம்கள், 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே இன்னும் 34,087 பேர்.

அப்போதான் 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவிச்சாங்க. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆச்சு. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,000-லிருந்து 1,500 ரூபாய், மற்ற பெரியவங்களுக்கு 750-லிருந்து 1,000, குழந்தைகளுக்கு 400-லிருந்து 500. இலவச அரிசிக்கு மேல வாங்குற அரிசிக்கு கிலோவுக்கு 57 பைசா கொடுத்துட்டு இருந்தாங்க, அதையும் அரசே ஏற்கும்னு சொன்னாங்க.

நல்ல காரியம். எந்தக் கட்சி செஞ்சாலும் நல்ல காரியம்தான். ஆனா அறிவிச்சது வீடு வந்து சேர்ந்துச்சா, சேர்ந்தது போதுதா? இதை யார் பார்க்குறது?

வாட்ஸ்அப் தெரியாதவங்க இங்க யாரும் இல்ல. கிடங்குல இருந்து அரிசி கிளம்பினா அது ஒத்தை டிக். ரேஷன் கடைக்கு வந்தா ரெட்டை டிக். அந்த வீட்டுப் பிள்ளை வயிறார சாப்பிட்டாதான் நீல டிக். நம்ம அரசாங்க அறிக்கைகள்ல பெரும்பாலும் இருக்குறது முதல் ரெண்டு டிக்தான். எத்தனை டன் போச்சு, எத்தனை கோடி செலவாச்சு, அதோட முடிஞ்சுது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கணவன், மனைவி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. 1,500 + 1,000 + 500 + 500. மொத்தம் 3,500 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 117 ரூபாய், தலைக்கு 29 ரூபாய். அரிசி ரேஷன்ல வந்துடும். பால், முட்டை, காய், பருப்பு, மருந்து, பஸ் டிக்கெட் எல்லாம் இதுக்குள்ளயும் அன்னாடக் கூலிக்குள்ளயும்தான். பெயிண்ட் அடிக்கப் போற அப்பாவுக்கு மழையில நாலு நாள் வேலை இல்லைன்னா முதல்ல நிக்கிறது பாலும் முட்டையும்தான். இது எந்த டன் கணக்குலயும் தெரியாது.

நம்ம தெருவுல ரேஷன் கடையில பிரச்சினைன்னா கிராம சபையில எழுந்து கேட்கலாம். வார்டு உறுப்பினரைப் பிடிக்கலாம். ஓட்டு இருக்கு, அதனால பதில் வரும். வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குறவங்கதான் கிராம சபை உறுப்பினர். முகாம்லயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட குடியுரிமை இல்லைன்னா அந்த இடம் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை இல்ல. அதனாலதான் கண்காணிப்பு இவங்களுக்கு இன்னும் அதிகமா தேவை.

எப்படிக் கண்காணிக்கிறதுன்னு உலகத்துக்குத் தெரியும். ஐ.நா. உலக உணவுத் திட்டம் வீடு வீடாப் போய், கடந்த 7 நாள்ல என்னென்ன சாப்பிட்டீங்க, எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் காய், எத்தனை நாள் பால்னு கேட்குது. கடன் வாங்கினீங்களா, ஒரு வேளையைக் குறைச்சீங்களான்னும் கேட்குது. இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும்.

"நம்ம ஊர் ஏழைக்கு யார் கேட்பா?"ன்னு சில பேர் கமெண்ட்ல வருவாங்க. நியாயமான கேள்வி. காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். அடை மழையில தெருவுல பாவு விரிக்க முடியாது, குழித்தறியில ஈரம் ஏறும், தறி நிக்கும், கூலியும் நிக்கும். அப்போ நெசவாளர் வீட்டுக்கும் ரேஷன் அரிசிதான் துணை. அதனால முகாமையும் பக்கத்து ஊரையும் சேர்த்தே கணக்கெடுக்கணும். உகாண்டாவில அகதிகளுக்கான உதவியில சுமார் 30 சதவீதம் அவங்களுக்கு இடம் கொடுத்த ஊர் மக்களுக்குப் போகணும்னு கொள்கையே வெச்சிருக்காங்க. ரெண்டு பசியையும் மோத விடாம இருக்க அதுதான் வழி.

பஞ்சத்துல வாடின காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோட வந்து சோறு போட்ட கதை நமக்குத் தெரியும். அந்தப் பாத்திரம் அவளுக்குக் கிடைச்சது மணிபல்லவத் தீவுல. அது யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவுதான்னு சொல்ற ஆய்வாளர்கள் உண்டு. 2022-ல் இலங்கையில நெருக்கடி வந்தப்போ தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் தர முடிவு பண்ணுச்சு, மே 18 அன்னிக்கு சென்னையில இருந்து முதல் கப்பல் கிளம்புச்சு. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பசியைப் பார்த்த நாம இந்தப் பக்கத்து முகாமையும் பார்க்கணும்.

நாம கேட்க வேண்டியது நாலே நாலு:

1. ஒவ்வொரு முகாமுக்கும் வந்த அரிசி, பணம், தேதி மூணும் மாசாமாசம் முகாம் பலகையிலும் இணையத்திலும் வரணும்.

2. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் கடை அளவிலேயே கண்காணிப்புக் குழு வேணும்னு சொல்லுது. முகாம் இருக்குற ஊர்ல அந்தக் குழுவில முகாம் பெண்களும் உட்காரணும்.

3. வருஷா வருஷம் விலைவாசியைப் பார்த்து உதவித்தொகையைத் திருத்தணும்.

4. முகாம்லயும் பக்கத்து ஊர்லயும் ஒரே கேள்வித்தாளோட சமூகத் தணிக்கை நடக்கணும்.

நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊராட்சியில முகாம் இருந்தா அடுத்த கிராம சபையில இந்த நாலையும் மனுவா கொடுங்க. அவங்க எழுந்து கேட்க முடியாத இடத்துல நீங்க எழுந்து கேளுங்க. அரிசி மூட்டை கொடுக்கிற மாதிரி போட்டோ மட்டும் வேண்டாம். மனுவுக்குக் கிடைச்ச ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, அதைப் பகிர்வோம்.

- தகவல் தொழில்நுட்ப அணி, காஞ்சிபுரம்

#சோத்துக்கணக்கு #மறுவாழ்வுமுகாம் #உணவுஉரிமை