வெளுத்த கிட்டாரைச் சுரண்டாதீர்கள்

குமரி மாவட்டக் கருங்கலில் வீட்டிலேயே கிட்டார் செய்பவர் மழைநாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்தால், பளபளப்புக்குப் பதில் பால்போல வெண்மை படரலாம். உடனே உப்புத்தாளை எடுப்பது வேண்டாம் என்பதே என் கட்சி. கோளாறு மரத்தில் இல்லை, காற்றில். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீர் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை! காற்று உலர்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிதாகத் தெளித்தால் பெரும்பாலும் போதும்: லேக்கர் இளகி, நீரை வெளியே விட்டுத் தெளியும். காய்ந்த பாலியூரித்தேன் அப்படி இளகாது. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிசுபிசுப்பு வேறு சங்கதி. ஈட்டி மரத்தின் எண்ணெய்ப்பசை சிலவகைப் பாலியூரித்தேனைக் காயவிடாது, நாட்கள் கழிந்தும் கைரேகை பதியும். காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மரத்தை ஒட்டிய பசை இளகி மூட்டு விடும், அவ்வளவுதான். ஒட்டும் பூச்சை எடுத்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிப்பூச்சாகக் கொடுக்க வேண்டும். ஜார்க்கண்டில் பூச்சியிடமிருந்து கிடைக்கும் இந்த அரக்கு நம் தச்சர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்ச் பாலிஷ் என்று கதவுக்குப் பூசுவது இதைத்தான். இறக்குமதி ஸ்ப்ரே டப்பா தேடும் இளைஞர்கள் முதலில் அவர்களிடம் போகட்டும். துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் கைப்பழக்கம் அங்கேதான் இருக்கிறது.