ஒலிவமும் எள்ளும்

இக்காலத்து நம் நகரக் கடைவீதிகளில் ஒலிவ எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளிலும் அவை வந்துவிட்டன. நெஞ்சுக்கு நல்லதென எவரோ கூறக் கேட்டு, அதனை வாங்கி வந்து வடை சுடுவாரும் அப்பளம் பொரிப்பாரும் உளர். இச்செயல் தகுமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். தகாது என்பது எம் கருத்து. ஒலிவத்தின்பால் வெறுப்புற்று இதனைக் கூறினோமல்லோம். விவிலியம் கேட்டு வளர்ந்த எமக்கு அம்மரம் காணாமலே உறவானது.

தமிழ் பயில்வார் முதலிற் சொல்லை நோக்குவர். எண்ணெய் என்பது எள், நெய் எனப் பிரியும். நம் முன்னோர்க்கு எள்ளைப் பிழிந்து பெற்ற நெய்யே எண்ணெய்; பின்னரே அப்பெயர் பிறவற்றிற்கும் பொதுவாயிற்று. எனவே தேங்காயெண்ணெயிலும் எள் உண்டு, மண்ணெண்ணெயிலும் எள் உண்டு! அராபியர் எண்ணெயை ‘ஸைத்’ என்பர். அஃது ஒலிவத்தைக் குறிக்கும் ‘ஸைத்தூன்’ என்பதோடு ஓரினச் சொல். நம் இசுலாமிய நண்பர் இல்லங்களில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தார் கூறும் ‘ஆயில்’ என்பதும் கிரேக்கம் இலத்தீன் வழியாக ஒலிவத்தின் பெயரினின்று பிறந்ததே. எந்நாட்டார் எதனை நம்பி வாழ்ந்தனரோ, அதுவே அவர் நாவில் எண்ணெய்க்குப் பெயராயிற்று. விவிலியத்தைத் தமிழாக்கியோர் ‘ஒலிவ எண்ணெய்’ என எழுதியபோது இரு நாட்டு அடுக்களைகளும் ஒரு தொடரிற் கூடின என்க.

இனி, அந்நாட்டு அடுக்களையைச் சற்றே எட்டிப் பார்ப்போம். லெபனோன், சிரியா, பாலஸ்தீனம், யோர்தான் ஆகிய நாடுகளில் அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் ஒலிவ அறுவடை நிகழும். மரத்தடியில் துணி விரித்து, குடும்பத்தார் அனைவரும் கூடிக் காய்களை உதிர்த்து, அவற்றைச் செக்கிற்குக் கொண்டு செல்வர். கெத்செமனே என்னும் பெயர்க்கே எண்ணெய்ச் செக்கு என்பது பொருள். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய எண்ணெய் அப்போதே வீடு வந்து சேரும். பாலஸ்தீனத்தார் புத்தெண்ணெயின் தரத்தை அறிய ‘முசக்கான்’ என்னும் உணவைச் சமைப்பர். வதக்கிய வெங்காயமும் கோழியும் எண்ணெயில் தோய்ந்த அப்பத்தின்மீது வைக்கப்பெறும். அதன்மேல் ‘சுமாக்கு’ எனும் புளிப்புப் பொடி தூவப்பெறும். லெபனோன் கிறிஸ்தவர் உபவாச நாட்களில் ஊனும் நெய்யும் நீக்கி, பச்சை அவரையைத் தக்காளி, பூண்டு, வெங்காயம் இவற்றோடு ஒலிவ எண்ணெயில் மெல்ல வேகவிட்டு, ஆறிய பின்னர் அப்பத்தோடு உண்பர். பருப்பும் அரிசியும் கூட்டிச் சமைத்து, எண்ணெயிற் சிவக்க வறுத்த வெங்காயத்தை மேலே இடும் ‘முஜத்தரா’ ஏழைகளின் உணவு. தன் மூத்தமகன் உரிமையை ஏசா விற்றதும் பயற்றங்கூழுக்கன்றோ!

இவற்றுள் எம் மனத்தைக் கவர்ந்தது அவர்தம் காலையுணவே. காட்டுப்பூண்டின் உலர்ந்த தழை, வறுத்த எள், சுமாக்கு, உப்பு இவற்றைக் கலந்த பொடிக்கு ‘ஸாத்தர்’ என்று பெயர். அப்பத்தை முதலில் எண்ணெயிலும் பின்னர் அப்பொடியிலும் தோய்த்து உண்பர். இதனைப் படித்த அன்றே எமக்கு நகைப்பு உண்டாயிற்று. மிளகாய்ப்பொடியின் நடுவே குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, இட்டலியைத் தோய்த்து உண்பது இதுவே அன்றி வேறு யாது? அவர் ஊற்றுவதும் காய்ச்சாத எண்ணெய். நாம் ஊற்றுவதும் காய்ச்சாத எண்ணெய். எள்ளும் இருவர்க்கும் பொதுவாம்.

ஆதலின் அந்நாட்டாரிடம் நாம் கற்க வேண்டுவது புட்டியன்று, முறையே. நல்ல எண்ணெயை அவர் உணவாகவே கருதுகின்றனர்; சிறிதளவு எடுத்து, அதன் மணம் கெடாமல் உண்கின்றனர். நாமோ அதனைக் கடல் கடந்து வரவழைத்து, வாணலியிற் புகையெழக் காய்ச்சி அழிக்கிறோம். விலையுயர்ந்தது வேண்டாமென்பார்க்கு, இந்தியச் சமையலுக்கு ஏற்றதெனத் தாழ்ந்த தரமொன்றும் விற்கப்படுகிறது. அது பிழிந்த சக்கையினின்று இரசாயன முறையால் எடுக்கப்படுவது. சக்கைக்குத் தமிழிற் பிண்ணாக்கு என்று பெயர். அதனை நாம் மாட்டுக்கு இடுவோம்.

ஒலிவத்திற்குத் திருமறைச் சிறப்பு உண்டென்று சிலர் கூறலாம். உண்மையே. எனினும் நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய் ஒலிவமாகவே இருத்தல் வேண்டுமென நெடுங்காலம் விதித்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையே, அது கிடைத்தற்கரிய நாடுகள் பலவுள எனக் கண்டு, தாவரங்களினின்று பெறும் பிற எண்ணெயையும் ஏற்கலாமென 1972ஆம் ஆண்டில் இசைந்தது. திருப்பணிக்கே தக்கதாயின், இட்டலிக்குத் தகாதோ?

நிற்க. ஓர் அடுக்களை அதன் நிலத்தையும் நீரையும் பற்றி நிற்பது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், ஒலிவம் பறிக்கும் பருவத்தில் தொடங்கிய போரினால் காசாவின் ஒலிவத் தோட்டங்களிற் பெரும்பகுதி பாழாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியினின்று கசிந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்தது. போரும் கசிவும் ஒன்றெனக் கூறினோமல்லோம். ஆயினும் கழிமுகத்து இறாலும் நண்டும் இன்றி எண்ணூர் மீனவர் வீட்டுக் குழம்பு ஏது? படகிலும் வலையிலும் கரிய எண்ணெய் படிந்த அந்நாட்களில், நகரத்தின் மற்றோர் பகுதியில் எவ்வெண்ணெய் உடலுக்கு நன்று என்னும் விவாதம் குறையவில்லை.

எம் பகுதியில் உழைப்பாளர் வீடுகளுக்கு ஒலிவமும் எட்டாது. செக்கு நல்லெண்ணெயும் எளிதில் எட்டாது. நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலே அவர்க்குத் துணை. அதனை இகழ்வார் அவ்வீட்டுச் செலவுக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு இகழட்டும். சீதோன் நாட்டுச் சாறிபாத் ஊர் விதவையின் வீட்டிற் பஞ்சகாலத்தில் எஞ்சியிருந்தவை ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயுமே. எண்ணெயின் அருமை இல்லாதார்க்கே தெரியும்.

ஆதலின் பாமாயிலை நிறுத்துக என்று யாம் கேட்கவில்லை. பொரிப்பதற்கு அதுவே இருக்கட்டும். அதனோடு கால் லிட்டர் நல்லெண்ணெயும் குறைந்த விலையில் அக்கடைகளில் வழங்கப்படுதல் வேண்டும். பொடிக்கும் துவையலுக்கும் ஒரு குடும்பத்திற்கு அது பல நாள் வரும். ஈரோடு, சேலம், கரூர்ப் பகுதிகளிலும், காவிரிப் படுகையில் நெல் அறுத்த வயல்களிலும் எள் விளைகின்றது. தென்னை, நிலக்கடலை உழவர் தத்தம் எண்ணெயை நியாயவிலைக் கடைகளில் விற்குமாறு கேட்டு வருகின்றனர். எள்ளுக்காகக் கேட்கும் குரல் அவ்வளவு வலிதாக எழக் காணோம். மொழிக்கு எண்ணெய் என்னும் சொல்லையே தந்த பயிருக்காகத் தமிழ் மாணவராகிய நாமேனும் கேட்போமாக.